மூன்று கணினிகள், இரண்டு டெக்குகள், நடுவே 12 மீட்டர்: நாடா மாற்றும் கூடத்தில் எதை எங்கே இணைப்பது?

லயத்துவீடு (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டை, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எடுக்கப்பட்ட பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக் கோப்புகளாக மாற்றும் கூடமாக நானும் நண்பர்கள் இருவரும் அமைத்துக்கொண்டிருக்கிறோம். 1980களின் இறுதியிலும் 1990களிலும் தோட்டத்துத் திருமணங்கள், தீமிதித் திருவிழாக்கள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகள் ஆகியவற்றை விஎச்எஸ் நாடாவில் பிடித்து வைத்தவர்கள் இங்கே பலர். அவற்றில் தெரியும் லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பலவும் இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடத்தில், வீட்டு வரிசை எங்கே நின்றது என்று காட்டுவதற்குக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது. இதுவரை 140 விஎச்எஸ் நாடாக்களும், 30க்குச் சற்றுக் குறைவான 8 மில்லிமீட்டர் கேமரா நாடாக்களும், 12 மினிடீவி நாடாக்களும் வந்து சேர்ந்துள்ளன.

எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். குளிர்சாதனம் உள்ள சிறிய பின்னறையில் நாடாக்களும் அவற்றை ஓட்டும் இரண்டு விஎச்எஸ் டெக்குகளும் உள்ளன. அலுமினியத் தடுப்புக்கு அப்பால், மண்டபத்தை ஒட்டிய பக்க அறையில் மூன்று கணினிகள். இடையே ஒயர் ஓடும் தூரம் 12 மீட்டர். கணினி ஒன்றில், டெக்கின் படத்தைக் கோப்பாகப் பதியும், உள்ளே செருகும் கேப்சர் அட்டை. மற்றொன்றுக்கு யூஎஸ்பி கேப்சர் பெட்டி. ஒரே டெக்கிலிருந்து இரண்டு கணினிகளும் படம் பெறட்டும் என்று படம் வெளிவரும் மஞ்சள் முனையில் ஒரு ஒய் பிரிப்பானைச் செருகி இரு கிளையாகக் கொண்டுபோனோம். பெட்டியை டெக்கின் அருகில் வைத்து, யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர்கள் மூன்றை ஒன்றோடொன்று இணைத்துக் கணினிக்கு இழுத்தோம். ஒலியை மட்டும் தனி ஒயரில் கணினியின் பின்பக்க நீலத் துளைக்குக் கொடுத்தோம்.

இதன் பலன் வருமாறு. படம் இருண்டு வருகிறது. மேல்விளிம்பு கொடி பறப்பதுபோல் ஒரு பக்கமாக வளைகிறது. அகலமான மங்கிய பட்டை ஒன்று கீழிருந்து மேலாக மெதுவாக ஊர்கிறது. ஒரு மணி நேர நாடாவின் இறுதியில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். யூஎஸ்பி பெட்டி நினைத்தால் இருக்கிறது, நினைத்தால் காணாமற்போகிறது. இதே நாடா என் தாயார் வீட்டுப் பழைய குழல் தொலைக்காட்சியில் நேராக, பளிச்சென்று ஓடுகிறது என்பதுதான் என்னை மிகவும் குழப்புகிறது.

ஒயர்மேன்67 (ஈப்போ)

தம்பிக்கு வணக்கம். நான் 1984 முதல் வீடியோ டெக் பழுதுபார்த்தவன், இப்போது ஓய்வு. ஒரே மூச்சில் ஐந்து நோய்களைச் சொல்லியிருக்கிறீர்கள். இவை ஐந்துக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதை முதலில் மனத்தில் வையுங்கள்.

இருட்டுக்குக் காரணம் அந்த ஒய் பிரிப்பான். டெக்கின் மஞ்சள் முனை, தனக்கு எதிரே 75 ஓம் தடை ஒன்றே ஒன்று இருக்கும் என்று நம்பி 1 வோல்ட் அளவில் படத்தை அனுப்புகிறது. நீங்கள் இரண்டு கருவிகளை மாட்டியதும் எதிரே இருப்பது 37.5 ஓம் ஆகிவிடுகிறது. வோல்ட் மூன்றில் இரண்டு பங்காக, ஏறத்தாழ 0.67க்குச் சரிகிறது. வெளிச்சம் மட்டும் குறைந்தால் மென்பொருளில் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பும் அதே ஒயரில்தான் வருகிறது. 0.3 வோல்ட் இருக்க வேண்டிய அந்தத் துடிப்பு 0.2 ஆகிவிட்டால், தேய்ந்த நாடாவில் கேப்சர் பெட்டி வரியைத் தவறவிடும். இரண்டு இடத்துக்குப் பிரித்தே ஆக வேண்டுமானால் அதற்கென்றே மின்சாரத்தில் இயங்கும் வீடியோ பகிர்வுப் பெருக்கி இருக்கிறது. ஆனால், ஒரே நாடாவை ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் ஏன் பதிய வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மேல்விளிம்பு வளைவதற்குக் காரணம் நாடாவின் இழுவிசை. டெக்கின் உருளை விநாடிக்கு 25 சுற்றுச் சுற்றுகிறது. அதில் எதிரெதிராக உள்ள இரண்டு தலைகள் மாறிமாறிப் படிக்கின்றன. ஒரு தலை விட்டு மறு தலை பிடிக்கும் இடம் படத்தின் அடிவிளிம்பில், கடைசிச் சில வரிகளில் அமைகிறது. முப்பது ஆண்டு வெக்கையில் நாடா நீண்டோ சுருங்கியோ போயிருந்தால், மறு தலை பிடிக்கும்போது வரியின் நேரம் சற்றே தவறும். குழல் தொலைக்காட்சியின் சுற்று, படம் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு வருமுன்பே சுதாரித்துக்கொள்ளும். டெக்கோடு சேர்ந்து வாழப் பழகிய பெட்டி அது. கணினியின் அட்டைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் உங்கள் தாயார் வீட்டில் நேராக ஓடியது மண்டபத்தில் கோணுகிறது. ஊரும் பட்டையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் உங்கள் மின்இணைப்புகள் எந்தெந்தப் பிளக்கில் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

தைப்பிங்கணினி (தைப்பிங்)

யூஎஸ்பியையும் ஒலியையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

யூஎஸ்பி 2 ஒயருக்கு 5 மீட்டர்தான் வரம்பு. மூன்று நீட்டிப்புகளைச் செருகியிருக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு செருகலிலும் மின்னழுத்தம் கொஞ்சம் குறையும், குறிப்பலையும் கொஞ்சம் சிதறும். பெட்டி காணாமற்போவதில் வியப்பில்லை. இன்னொரு கணக்கையும் பாருங்கள். நம் நாட்டு நாடாக்கள் 625 வரி, விநாடிக்கு 25 படம் என்ற பால் முறையில் பதிவானவை (கறக்கும் பால் அன்று, தமிழில் எழுதும்போது இந்த வேடிக்கையைத் தவிர்க்க முடியவில்லை). கணினிக்குள் வரும்போது ஒரு படம் 720க்கு 576 புள்ளி. புள்ளிக்கு 2 பைட் வீதம் சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 20.7 மெகாபைட். யூஎஸ்பி 2 ஏட்டளவில் 480 மெகாபிட் என்றாலும் நடைமுறையில் 35 முதல் 40 மெகாபைட் வரைதான் தாங்கும். ஆகவே ஒரு பெட்டி தாராளமாகப் போகும். பிற்பாடு இரண்டாவது பெட்டி வாங்கி அதே யூஎஸ்பி ஹப்பில் செருகினால் இரண்டுமே திணறும்.

ஒலி விலகுவதற்குக் காரணம், படத்துக்கு ஒரு கடிகாரமும் ஒலிக்கு வேறொரு கடிகாரமும் வைத்திருப்பதுதான். கேப்சர் கருவி தன் படிகத்தின் துடிப்பில் படத்தை எண்ணுகிறது; கணினியின் நீலத் துளை தாய்ப்பலகையின் படிகத்தில் ஒலியை எண்ணுகிறது. விநாடிக்கு எண்ணும் 48,000 ஒலி மாதிரிகளுக்கு 5 என்ற அளவில் இரண்டும் வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 0.37 விநாடி, அதாவது ஒன்பது படங்களுக்கு மேல் விலகிவிடும். ஒலியையும் அதே கேப்சர் கருவியின் சிவப்பு, வெள்ளைத் துளைகளுக்கே கொடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்கவும்: விலகல் சீராகக் கூடிக்கொண்டே போனால் அது கடிகாரம், ஓரிடத்தில் திடீரென்று தாவினால் அது தவறிப்போன படங்கள். இரண்டாவதற்கு ஒயரை மாற்றிப் பயனில்லை.

என் பரிந்துரை எளிது. கேப்சர் கருவியும் அது செருகப்பட்ட கணினியும் டெக்கின் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த 12 மீட்டரைக் கோப்புகள் கடக்கட்டும். படக்குறிப்பலை கடக்க வேண்டாம்.

லயத்துவீடு (சுங்கை சிப்புட்)

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் பதிந்ததற்குக் காரணம், ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்குமே என்ற அச்சம்தான். அந்த ஏற்பாடே இரண்டையும் கெடுத்தது என்பது இப்போது தெரிகிறது. ஒய் பிரிப்பானைக் கழற்றிவிட்டேன். படம் உடனே பளிச்சென்று ஆனது.

ஆனால் அண்ணனின் பரிந்துரையில் எனக்குச் சிக்கல் உண்டு. பின்னறை எட்டடிக்குப் பத்தடி. அதில் இரண்டு இரும்பு அலமாரிகள் நாடாக்களுக்கே போய்விட்டன. மேலும் படத்தொகுப்புக் கற்றுக்கொள்ள வரும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் பக்க அறையில்தான் உட்கார முடியும். பின்னறை கோயில் கருவூலத்தை ஒட்டியிருப்பதால் நிர்வாகத்தார் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஆகவே மஞ்சள் ஒயரையே நல்லதாக வாங்கி 12 மீட்டர் இழுத்துவிட்டால் என்ன? ஐயா கேட்டதற்குப் பதில்: டெக்குகள் பின்னறையில் குளிர்சாதனத்துக்குப் பக்கத்துப் பிளக்கில், இரண்டு கம்பி ஒயரில் இருக்கின்றன. கணினிகள் பக்க அறையில் வேறு வரிசையில், மூன்று கம்பிப் பிளக்கில் இருக்கின்றன. முதல் டெக்கின் பின்னால் கூரைத் தட்டிலிருந்து (கூரைமேல் உள்ள அலைவாங்கி) வரும் தொலைக்காட்சி ஒயரும் மாட்டியே கிடக்கிறது.

கிள்ளான்நாடா (கிள்ளான்)

வணக்கம். ஆவணக் காப்புப் பணியில் நாடா மாற்றுவதே என் அன்றாட வேலை. தைப்பிங் சகோதரர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் தேவை. 12 மீட்டரைக் கண்டு அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஆர்ஜி-59 வகை 75 ஓம் ஓரச்சு (கோ-ஆக்ஸியல்) ஒயரில், இரு முனைகளிலும் முறுக்கிப் பூட்டும் பிஎன்சி இணைப்பான் பொருத்தி, இதைப்போல் இரு மடங்கு தூரத்துக்குச் சாதாரணப் படக்குறிப்பலையை நான் கொண்டுபோயிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் இழப்பு எதுவும் இல்லை. விஎச்எஸ் நாடாவில் வெளிச்சத் தகவலே ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருக்கிறது. அதைக் கெடுக்க 12 மீட்டர் நல்ல ஒயரால் முடியாது. கடையில் மஞ்சள் தலையோடு தொங்குகிறது என்பதற்காக மெல்லிய ஒலி ஒயரை வாங்கி இழுத்தால்தான் கெடும்.

ஆனால் யூஎஸ்பியை நீட்டுவது தவறு என்பதிலும், ஒரு டெக்குக்கு ஒரு பதிவுக் கணினி என்பதிலும் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன்.

இன்னொன்று. உங்கள் இரண்டாவது டெக், விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வடிவமான எஸ்-விஎச்எஸ் வகையாக இருந்து பின்னால் எஸ்-வீடியோ என்ற நான்கு ஊசி வட்டத் துளை இருந்தால், மஞ்சளை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். விஎச்எஸ் நாடா வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகவே பதிந்து வைத்திருக்கிறது. மஞ்சள் முனையில் டெக் அவை இரண்டையும் கலந்து அனுப்ப, கேப்சர் கருவி மறுபடி பிரிக்க முயல்கிறது. கலந்ததை முழுமையாகப் பிரிக்க எந்தக் கருவியாலும் ஆகாது. செம்மண் தரையில் பட்டுப்புடைவைக் கரையோரமாகப் புள்ளிகள் ஊர்வதைக் கண்டிருப்பீர்களே, அது அந்தக் கலப்பின் எச்சம். எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனி ஒயரில் போகின்றன. இதைத்தான் 12 மீட்டர் இழுப்பது சங்கடம்: மெல்லிய ஆயத்த ஒயர்கள் அந்த நீளத்தில் நம்பத்தக்கவையாகக் கிடைப்பதில்லை, இரண்டு ஆர்ஜி-59 இழுத்து முனை கட்ட வேண்டும். அந்த உழைப்புக்குப் பதிலாக ஒரு சிறு கணினியைப் பின்னறை அலமாரித் தட்டிலேயே வைத்துவிடலாம் என்ற முடிவுக்கு நீங்களே வந்துவிடுவீர்கள்.

மினிடீவி நாடாக்களை மட்டும் இந்த ஒயர்களின் பக்கமே கொண்டுவராதீர்கள். அவை ஏற்கெனவே எண்முறையில் பதிவானவை. மஞ்சள் முனை வழியே எடுத்தால், எண்ணை அலையாக்கி மறுபடி எண்ணாக்கும் வீண்வேலை. கேமராவைக் கணினியோடு நேராக இணைக்கும் ஃபயர்வயர் ஒயர் வழியே எடுத்தால் நாடாவில் இருப்பது இருந்தபடியே கணினிக்கு நகர்கிறது; மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைட்.

ஒயர்மேன்67 (ஈப்போ)

சகோதரி சொன்னது சரி. ஒயர் நீளத்தைப் பற்றி நானும் அதையே எழுத இருந்தேன்.

இனி ஊரும் பட்டை. தம்பி தந்த பதிலில் நான் தேடியது கிடைத்துவிட்டது. கணினிகள் மூன்றாவது கம்பி வழியே நிலத்தோடு இணைந்துள்ளன. டெக் இரண்டு கம்பிதான். ஆனால் கூரைத் தட்டு ஒயரின் வெளியுறை வேறோர் இடத்தில் நிலத்தோடு இணைந்திருக்கிறது. இரண்டு நிலங்களுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு உண்டு. அந்த மின்னோட்டம் உங்கள் படஒயரின் வெளியுறை வழியே ஓடிப் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், படமும் விநாடிக்கு 50 அரைப்படம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றானதால் பட்டை ஓரிடத்தில் நிற்காமலும் விரைந்து ஓடாமலும் நத்தைபோல் ஊர்கிறது. அது ஊரும் வேகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

சோதனை இதுதான்: படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூரைத் தட்டு ஒயரை டெக்கிலிருந்து பிடுங்குங்கள். பட்டை மறைந்தால் வேலை முடிந்தது. நாடா மாற்றும் டெக்குக்கு அந்த ஒயர் தேவையே இல்லை. மறையாவிட்டால் டெக், கேப்சர் கருவி, பதிவுக் கணினி மூன்றையும் ஒரே பிளக்கிலிருந்து எடுத்த ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் படஒயரில் பொருத்தும் தனிப்படுத்தும் மின்மாற்றி ஒன்று வாங்கலாம். ஆனால் கணினியின் மூன்றாவது கம்பியை மட்டும் வெட்டாதீர்கள். அப்படி வெட்டினால் பட்டை போய்விடும் என்பது உண்மை. ஒரு மண்டபத்தில் யாரோ அப்படிச் செய்து வைத்திருந்ததை அறியாமல் கணினிப் பெட்டியின் இரும்புறையைத் தொட்டு நானே கையை உதறியிருக்கிறேன். எவர் செய்தது என்பதை விட்டுவிடுவோம்.

பேராக்கில் மாலை இடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கூரையிலிருந்து இறங்கும் எந்த ஒயரும் மின்னலுக்குக் கதவு. அதைப் பிடுங்குவதற்கு இது இரண்டாவது காரணம்.

புதுநாடா (பாரிட் புந்தார்)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றையும் எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சிறு பெட்டி இணையக் கடைகளில் முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதை வைத்து எச்டிஎம்ஐ கேப்சர் குச்சியில் எடுத்தால் 1080 அளவில் படம் வருமே, இத்தனை பாடு எதற்கு? மற்றொன்று: டெக்கின் தலையிலிருந்து வரும் மூல அலையையே நேராகக் கணினியில் பதிந்து, மென்பொருளால் படமாக்கும் முறை ஒன்று இருப்பதாகப் படித்தேன். அது இவருக்குப் பயன்படுமா?

கிள்ளான்நாடா (கிள்ளான்)

முதற்கேள்விக்கு என் பதில்: வேண்டாம். நாடாவில் இருப்பது விநாடிக்கு 50 அரைப்படங்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். நீங்கள் சொல்லும் பெட்டி அவற்றை அவசரமாக ஒட்டி, 1080க்கு இழுத்து, பெரும்பாலும் விநாடிக்கு 60 படமாக மாற்றி அனுப்பும். ஐம்பதை அறுபதாக்க வேண்டுமானால் சிலவற்றை இரண்டு முறை காட்டித்தான் ஆக வேண்டும். கரகாட்டக்காரரின் சுழற்சி விட்டுவிட்டு நகரும். இல்லாத புள்ளிகளை ஊகித்து நிரப்பிய பிறகு, இருந்த வரிகளை மீட்க வழியில்லை. அரைப்படங்களை அப்படியே 576 வரியில் வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் இதைவிட நல்ல மென்பொருள் வரும்போது மறுபடி முயலலாம்.

இரண்டாவது முறை உண்மையானது; விஎச்எஸ்-டிகோட் என்ற பெயரில் திறந்த மென்பொருளாகக் கிடைக்கிறது. டெக்கைத் திறந்து உட்புறச் சோதனை முனையில் ஒயரைப் பற்றவைக்க வேண்டும், கோப்பும் மிகப் பெரிது, ஒரு மணி நேர நாடாவைப் படமாக்கக் கணினி பல மணி நேரம் உழைக்கும். 140 நாடாக்களுக்கும் அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேறு எந்த வழியிலும் நிற்காத, மாற்றுப் பிரதியே இல்லாத நாலைந்து நாடாக்களுக்கு அது கடைசிப் புகலிடம்.

மேல்விளிம்பு வளைவுக்கு ஒயர்மேன் ஐயா காரணத்தைச் சொன்னார். தீர்வை நான் சொல்கிறேன். டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவே, ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் வாங்கி நேரப்படுத்தி அனுப்பும் நேரத் திருத்தி ஒன்று வேண்டும். தொழில்முறைக் கருவி விலை மிகுந்தது. ஆனால் பானாசோனிக் நிறுவனத்தின் டிஎம்ஆர்-இஎஸ்10 என்ற பழைய டிவிடி பதிவுக்கருவி, வட்டில் எதையும் பதியாமல் ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விடும் நிலையிலேயே இந்த வேலையை வியக்கும்படி செய்கிறது. கொடி பறக்கும் நாடாக்களுக்கு உலகெங்கும் இதைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஜப்பானில் விற்ற பழைய கருவிகளை மட்டும் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அவை 100 வோல்ட்டுக்கும் 525 வரிக்கும் செய்யப்பட்டவை. நம் சுவரில் செருகினால் புகைதான் வரும்.

வரிசை இப்படி அமையட்டும்: டெக், அடுத்து நேரத் திருத்தி, அடுத்து கேப்சர் கருவி, அடுத்து கணினி. மூன்று இணைப்புகளும் ஒரு மீட்டருக்குள் முடிய வேண்டும். பழைய, தேய்ந்த சொந்த நாடாக்களையே திருட்டுத் தடுப்புக் குறி உள்ளவை என்று தவறாக எண்ணிப் பதிய மறுக்கும் கேப்சர் பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன். ஒத்திசைவுத் துடிப்பு ஒழுங்கானதும் அந்த மறுப்பும் பல வேளைகளில் மறைந்துவிடும்.

தைப்பிங்கணினி (தைப்பிங்)

அக்கா ஒயர் நீளத்தைத் திருத்தியதை ஏற்றுக்கொள்கிறேன். இனி இடநெருக்கடியைப் பார்ப்போம்.

பின்னறைக்குப் பெரிய கணினி தேவையில்லை. பதிவு செய்வது சாதாரண வேலை. பழைய நான்கு உள்ளகச் செயலியே போதும். மூன்று கணினிகளில் எது பழையதோ, அதில் அட்டையைப் பொருத்தி, திரையில்லாமல் அலமாரித் தட்டில் படுக்க வைத்துவிடுங்கள். பக்க அறையிலிருந்து வலையமைப்பு வழியே அதன் திரையைப் பார்த்துக்கொள்ளலாம். 12 மீட்டருக்கு ஒரே ஒரு கேட்6 ஒயர். அது 100 மீட்டர் வரை போகும். கிகாபிட் வலையமைப்பில் விநாடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் நகரும் என்பதால், ஒரு மணி நேர நாடாவின் சுருக்காத கோப்பு, அதாவது 75 கிகாபைட், பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடுத்த அறைக்குப் போய்விடும். கம்பியில்லா வலையமைப்பை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

பதியும்போது நேராக வலையமைப்பு வட்டில் எழுதக் கூடாது. வேறொருவர் அதே வட்டில் எதையாவது திறந்தால் எழுத்து ஒரு கணம் நிற்கும், நாடா நிற்காது. உள்வட்டு எஸ்எஸ்டியில் எழுதி, முடிந்த பிறகு இரண்டு இடங்களில் நகலெடுத்து, கோப்புகளின் சரிபார்ப்பு எண்களை ஒப்பிட்ட பிறகே உள்வட்டில் உள்ள மூலக் கோப்பை அழித்துவிடுங்கள். பதிவுக் கணினியில் தூக்க நிலை, தானியங்கிப் புதுப்பிப்பு, யூஎஸ்பி மின்சேமிப்பு மூன்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு பிரதிகள் வேண்டும் என்ற உங்கள் முதல் அச்சம் நியாயமானது. அதற்கு இடம் இது, மஞ்சள் முனை அன்று.

கோப்பு வடிவம்: எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாச் சுருக்கத்தை மெட்ரோஸ்கா உறையில் வைத்தால் 75 கிகாபைட் என்பது பாதிக்கும் கீழே வரும், ஒரு புள்ளிகூடக் குறையாது. மாணவர்கள் அதிலிருந்து சிறு எம்பி4 எடுத்துப் பழகட்டும். ஓர் எச்சரிக்கை. மினிடீவி கோப்பில் இரட்டைப்படை வரிகளா ஒற்றைப்படை வரிகளா முதலில் என்ற வரிசை, கேப்சர் அட்டை தரும் கோப்பின் வரிசைக்கு நேர்மாறானது: மினிடீவியில் கீழ்வரி முதலில், அட்டையில் மேல்வரி முதலில். இரண்டையும் ஒரே தொகுப்பில் கலந்து, மென்பொருளிடம் சொல்லாமல் விட்டால், நடப்பவர் முன்னும் பின்னுமாக நடுங்குவார். நாடாவைக் குறை சொல்வார்கள்.

ஃபயர்வயருக்கு அந்தப் பழைய கணினியிலேயே ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை போட்டு லினக்ஸ் நிறுவி, டீவிகிராப் என்ற சிறு நிரலால் எடுக்கலாம். புதிய மேக் வாங்கிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால், மேக் இயங்குதளத்தின் 26ஆம் பதிப்பு ஃபயர்வயரையே கைவிட்டுவிட்டது என்பதைச் சொல்லுங்கள். ஒயர் 4.5 மீட்டருக்கு மேல் வேண்டாம். ஆறு ஊசி முனையில் மின்சாரமும் வருகிறது. தலைகீழாக அழுத்திச் செருகிக் கேமராவின் துளையையே கொன்றவர்கள் உண்டு.

8 மில்லிமீட்டர் நாடாக்களுக்கு, அனலாக் நாடாவையும் ஓட்டக்கூடிய டிஜிட்டல்8 கேமரா யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். அது பழைய நாடாவை ஓட்டி, தானே எண்ணாக்கி, ஃபயர்வயர் வழியே விடும்.

லயத்துவீடு (சுங்கை சிப்புட்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கூரைத் தட்டு ஒயரைப் பிடுங்கிய அந்த நொடியே பட்டை மறைந்தது. நான் டெக்கின் பின்னால் குனிந்திருந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் பக்க அறையிலிருந்து கத்திய சத்தத்தில் மண்டபத்துப் பூசாரியே எட்டிப் பார்த்தார். பழைய கணினியைப் பின்னறையின் இரண்டாம் தட்டில் படுக்க வைத்தோம். அதன் வெப்பக் காற்று நாடா அலமாரியின் பக்கம் வீசியதால், திருப்பி வைத்துக் குளிர்சாதனத்தை நோக்கி ஊத விட்டோம். கேட்6 ஒயரைத் தடுப்பின் மேல்விளிம்பு வழியே மின்கம்பியிலிருந்து ஓரடி விலக்கி இழுத்தோம். தூரத்தைக் கடப்பது இப்போது அந்த ஒரு ஒயர்தான்.

டிஎம்ஆர்-இஎஸ்10 கருவி கோலகங்சாரில் ஒரு வீட்டில், வட்டுத் தட்டு திறக்காத நிலையில் கிடைத்தது. தட்டு நமக்குத் தேவையில்லை என்பதால் உரிமையாளர் சும்மாவே கொடுத்துவிட்டார். 1991ஆம் ஆண்டு என்று உறையில் எழுதிய ஒரு திருமண நாடாவை, கருவி இல்லாமலும் கருவியோடும் பதிந்து அருகருகே வைத்துப் பார்த்தோம். முதலாவதில் மணவறையின் மேல் கட்டிய தென்னங்குருத்துத் தோரணம் இடப்பக்கம் சாய்ந்து ஒடிந்தது. இரண்டாவதில் நேராகத் தொங்குகிறது. ஒலிக்குச் சோதனை வைத்தது தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம்: நாடாவின் 52ஆம் நிமிடத்தில் தவில்காரரின் கை விழும் படமும் அடியின் ஓசையும் ஒரே படச்சட்டத்தில் இருக்கின்றன. தவறிய படங்கள் அந்த நாடா முழுவதிலும் இரண்டுதான். அவையும் யாரோ பதிவை நிறுத்தித் தொடங்கிய இடத்தில்.

ஒரே ஒரு குறை. நேற்று ஓட்டிய மூன்றாவது நாடாவுக்குப் பிறகு படம் முழுவதும் வெண்மணல் தூவியதுபோல் ஆகிவிட்டது. நல்ல நாடாவைப் போட்டாலும் அப்படியே வருகிறது. அந்த மூன்றாவது நாடாவின் சிறு கண்ணாடிச் சாளரம் வழியே பார்த்தபோது, சுருளின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருக்கிறது.

ஒயர்மேன்67 (ஈப்போ)

அது பூசணம் தம்பி. இனி அந்த டெக்கில் வேறு எந்த நாடாவையும் போடாதீர்கள். ஒரு நாடாவின் பூசணத்தை அது அடுத்த நாடாவுக்குக் கொண்டுபோகும். சாளரத்தில் சாம்பல் தெரியும் நாடாக்களை எல்லாம் இன்றே பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பைகளோடு தனிப் பெட்டியில் மூடி வையுங்கள்.

தலையைச் சுத்தம் செய்கிறேன் என்று பஞ்சுக் குச்சியை உள்ளே விட வேண்டாம். பஞ்சின் இழை தலையின் நுனியில் மாட்டினால் ஒடித்துக்கொண்டு வரும். இழை உதிராத துணியில் 99 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து உருளையின் மேல் அசையாமல் பிடித்து, மறு கையால் உருளையைத்தான் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் தலை போயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் நானே வந்து செய்து காட்டுகிறேன். டெக்கின் மேல்மூடியை மட்டும் கழற்றி வையுங்கள், திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.